முள் உதிர்ந்த வேலம்மையும் கரை சேராத கப்பலும்

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அங்கே போக உங்களிடம் அனுமதிச் சீட்டு கேட்பார்கள், வேலம்மை என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். முள்ளம்பன்றிகள் இரவில்தான் நடமாடும் என்று விலங்கியல் படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்தக் காட்டில் அலுவலகங்கள் பகல் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடிவிடும். வேறு வழியில்லாமல் முள்ளம்பன்றிகளும் பகலுக்கு மாறிக்கொண்டன.

வேலம்மையின் வளையில் அவளோடு சேர்த்து ஐந்து பேர். புருஷன் குத்தாலம், மாமனார், மாமியார், இன்னும் கல்யாணம் ஆகாத கொழுந்தன் முத்தையா. பிள்ளைகள் வளர்ந்து வேறு வளைகளுக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேரும் சாப்பிடுவது காட்டுக்கருணைக் கிழங்கு. அதைத் தோலோடு கடித்தால் நாக்கு அரித்து எடுத்துவிடும். ஒரு தோல், அதற்குள் ஒரு மெல்லிய தோல், அதற்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தோல் என்று மூன்றையும் உரித்தாக வேண்டும். ஐந்து பேர் சாப்பிட்டார்கள். ஒருத்தி உரித்தாள்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் அணைக்கட்டு ஏரி இருந்தது. மனிதர்கள் எப்போதோ விட்டுப்போன இரண்டடுக்குப் படகு ஒன்று அதில் சாய்ந்து கிடந்தது. நீர்நாய்கள் அதை நிமிர்த்தி, பாசியைச் சுரண்டி, 'உல்லாசக் கப்பல்' என்று பலகை மாட்டி, மரத்துக்கு மரம் விளம்பரம் ஒட்டின. மூன்று இரவு, நான்கு பகல். ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டப்படும். மேல்தளத்தில் வெயில் காயலாம். கடைசி வரியைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். 'மூன்று வேளையும் கிழங்கு உரித்தே தரப்படும்.'

வேலம்மை அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தாள். ஏரியைச் சுற்றிப் பார்க்க அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அது எங்கேயும் போய்விடாது. ஆனால் இன்னொருவர் உரித்த கிழங்கை உட்கார்ந்து சாப்பிடுவது என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் அம்மா உரித்துக் கொடுத்திருக்க வேண்டும். அது நினைவில் இல்லை. நான்கு நாள். பன்னிரண்டு வேளை. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அவள் முடிவு செய்த வாரத்தில்தான் காட்டுக்கு மூக்கொழுகல் நோய் வந்தது.

முதலில் தும்மியது யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வோர் இனமும் அடுத்த இனத்தைக் காட்டியது. காட்டரசர் உடனே ஆணை போட்டார். எல்லோரும் அவரவர் வளையிலும் கூட்டிலும் புதரிலும் இருக்க வேண்டும். ஆணைகளைக் காடெங்கும் அறிவிக்கும் வேலை ஆள்காட்டிக் குருவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அது முன்பே சும்மா இருக்கும்போதும் கத்திக்கொண்டிருக்கும் பறவை. இப்போது சம்பளமும் கிடைத்தது.

குத்தாலமும் முத்தையாவும் மாமனாரும் வெளியே போவதை நிறுத்தினார்கள். நாள் முழுக்க வளைக்குள் இருந்தால் பசி எடுக்கும் என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். மூன்று வேளை ஐந்தாகி, ஐந்து ஏழானது. வேலம்மையின் நகங்கள் தேய்ந்தன.

அப்போதுதான் அவள் படகுத் துறைக்குப் போய் டிக்கெட் எடுத்தாள்.

துறையில் நீண்ட வரிசை நின்றது. அத்தனை பேரும் ரத்து செய்ய வந்தவர்கள். அவர்களைச் சமாளிக்க ஒரு மைனாவை நியமித்திருந்தார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தேதி மாற்ற ஒருமுறை கனைக்கவும். ரத்து செய்ய இருமுறை தும்மவும்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. இருமுறை தும்மியவர்களைச் சுகாதாரத் துறை வந்து பிடித்துக்கொண்டு போனது. வரிசை விரைவாகக் குறைந்தது.

கப்பல் நிறுவனத்தின் மேலாளர் தோணிராஜ் என்ற நீர்நாய். புதிதாக டிக்கெட் வாங்க வந்தவளைப் பார்த்ததும் ஒரு கணம் நம்பாமல் நின்று, பிறகு ஓடிப்போய் உட்காரக் கல் கொண்டுவந்து போட்டான்.

"உக்காருங்க மேடம். தைரியமான முடிவு."

"கப்பல் எப்போ கிளம்பும்?"

"வியாழக்கிழமை மேடம்."

"எந்த வியாழக்கிழமை?"

"அதை அரசாங்கம்தான் சொல்லணும். ஆனா வியாழக்கிழமைங்கிறதுல மாற்றம் இல்லை."

"கிளம்பலைன்னா?"

"ஒத்திவைப்போம்."

"அப்பவும் கிளம்பலைன்னா?"

"அப்பவும் ஒத்திவைப்போம். அதுல எங்களுக்கு நல்ல அனுபவம் இருக்கு."

"ரத்து பண்ணணும்னா?"

தோணிராஜ் காதில் கையை வைத்துக்கொண்டான். "காத்து பலமா அடிக்குது மேடம். கேக்கலை."

ஓர் இலைகூட அசையவில்லை. வேலம்மை அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டும் டிக்கெட் வாங்கினாள். அதற்கான கட்டணத்தை எப்படிச் சேர்த்தாள் என்பதைப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆண்களுக்குச் சொல்லக் கூடாது.

டிக்கெட்டோடு அடையாள அட்டை வேண்டும். அதற்காகத் துறையில் ஒரு மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது. மரப்பட்டையில் பயணியின் உருவத்தைக் கொத்தித் தருவது அதன் வேலை. அது வேலம்மையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. அரைவட்டமாக முள்ளை மட்டும் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கொத்தியது. பிறகு சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் முகத்துக்கு இரண்டு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டது.

முதல் வியாழக்கிழமை அவள் பாயைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது ஆள்காட்டி பறந்து வந்து அறிவித்தது. "கப்பல்கள் கிளம்பலாம். பயணிகள் ஏறக் கூடாது."

வேலம்மை மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த வாரம் அரசாங்கம் தளர்வு கொடுத்தது. "பயணிகள் ஏறலாம். கப்பல்கள் கிளம்பக் கூடாது."

அதற்கடுத்த வாரம் நான்கு கால் உள்ளவர்கள் ஒற்றைப்படை நாட்களிலும், இரண்டு கால் உள்ளவர்கள் இரட்டைப்படை நாட்களிலும் பயணம் செய்யலாம் என்று வந்தது. பாம்புகளுக்கும் மரவட்டைகளுக்கும் தனி ஆணை பின்னர் வரும் என்று சொன்னார்கள். அது வரவில்லை. நான்காவது ஆணைப்படி ஐம்பது சதவீதப் பயணிகளோடு கப்பலை இயக்கலாம். யானை மட்டும் ஒரு சந்தேகம் கேட்டு எழுதியது. அதில் முன்பாதி ஏறலாமா, பின்பாதி ஏறலாமா? 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

ஒவ்வொரு முறையும் வேலம்மை மூட்டை கட்டினாள், அவிழ்த்தாள்.

"ஊரே தும்மிக்கிட்டுக் கெடக்கு. இவளுக்குக் கப்பல் கேக்குது" என்றாள் மாமியார், கிழங்கை மென்றுகொண்டே.

"விடும்மா, ஆசைப்படுறா" என்றான் குத்தாலம். அவன் தன்னைப் பெருந்தன்மையானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் திரும்பி, "போறதுன்னா தாராளமா போயிட்டு வா. யாரு வேணாங்கிறா? நாலு நாளைக்கு உரிச்சு வெச்சிட்டுப் போ, போதும்" என்றான்.

"உரிச்சு வெச்சா கறுத்துடும்."

"கறுத்தா என்ன, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்."

ஐந்தாவது ஆணைதான் கொஞ்சம் நம்பிக்கை தந்தது. காட்டிலுள்ள எல்லோர் மூக்கையும் பரிசோதித்து, யாருக்கும் ஒழுகவில்லை என்று உறுதியானால், கப்பல் விடலாம். இந்த வேலைக்குச் சுகாதார ஆய்வாளராக அமிர்தலிங்கம் என்ற கொக்கு நியமிக்கப்பட்டார். வெள்ளைக் கோட்டு தைக்கும் செலவு மிச்சம் என்பது அவரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் என்று கோப்பிலேயே எழுதியிருந்தார்கள். அவரும் நல்ல மாதிரிதான். ஒற்றைக் காலில் நின்று யோசிப்பார். யோசித்துவிட்டுக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வார்.

மூக்கில் விட்டு எடுக்கக் குச்சிகள் வந்தன. மூன்றாம் நாள் தீர்ந்துபோயின. யானைக்கு மட்டுமே ஒரு கட்டு ஆகிவிட்டதாகப் பேச்சு. அமிர்தலிங்கம் ஒற்றைக் காலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முள்ளம்பன்றிக் குடும்பம் அவர் கண்ணில் பட்டது. நீளம் சரி. வழவழப்பு சரி. மழுங்கிய முனையில் இலவம் பஞ்சைச் சுற்றினால் கச்சிதம்.

வளை வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னார்.

"முள்ளா?" என்று குத்தாலம் இரண்டடி பின்னால் போனான். "ஆம்பளைக்கு முள்ளுதாங்க மரியாதை."

முத்தையாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் வந்தால் முள்ளைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாமனாருக்கும் மாமியாருக்கும் வயதாகிவிட்டது. பிடுங்கினால் திரும்ப முளைக்குமோ முளைக்காதோ. இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து, எல்லோரும் வேலம்மையைப் பார்த்தார்கள்.

"கொடுத்தா கப்பல் கிளம்புமா?" என்று வேலம்மை கேட்டாள்.

"பரிசோதனை முடிஞ்சா பச்சை மண்டலம். பச்சை மண்டலம்னா கப்பல். கோப்புல அப்படித்தாம்மா இருக்கு" என்றார் அமிர்தலிங்கம்.

அவள் திரும்பி முதுகைக் காட்டினாள்.

தினமும் காலையில் கொக்கு வந்து முப்பது முள் பிடுங்கிக்கொண்டு போனார். வலிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு முள்ளுக்கும் அவள் மனதுக்குள் 'ஒரு வேளைக் கிழங்கு' என்று சொல்லிக்கொண்டாள். ஆள்காட்டி காடெங்கும் பறந்து செய்தி சொன்னது. "குத்தாலம் குடும்பத்தாரின் தியாகம். குத்தாலம் குடும்பத்தாருக்குக் காட்டரசர் பாராட்டு." மான்களும் முயல்களும் ஆறடி தள்ளி நின்று குத்தாலத்தை வாழ்த்திவிட்டுப் போயின. "நம்மால முடிஞ்சது" என்று அவன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சொன்னான்.

முள்ளம்பன்றி நடந்தால் முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று ஓசை வரும். வேலம்மை முன்பெல்லாம் கிழங்குத் தட்டோடு வந்தால் வளையே சலசலக்கும். இப்போது நாளுக்கு நாள் அந்த ஓசை தேய்ந்தது. ஒருநாள் மத்தியானம் தட்டை வைத்துவிட்டு மாமியாருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மாமியார் வளைக்குள் எட்டிப் பார்த்து, "வேலம்மை, எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்று கூப்பிட்டாள். வேலம்மை பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

நாற்பதாவது நாள் அவள் முதுகில் ஒரு முள்கூட இல்லை. காடு பச்சை மண்டலமானது. வியாழக்கிழமை கப்பல் கிளம்பும் என்று ஆள்காட்டி அறிவித்தது. இந்த முறை 'ஆனால்' என்று எதுவும் சேர்க்கவில்லை.

வேலம்மை விடிந்ததும் மூட்டையோடு துறையில் நின்றாள். துறையில் கூட்டம் இருந்தது. கப்பலில் கூட்டம் இல்லை. மானின் மூக்குப் பரிசோதனைச் சான்றிதழ் வரிசையில் நிற்கும்போதே காலாவதியாகிவிட்டது. கீரியின் சான்றிதழில் 'அணில்' என்று அச்சாகியிருந்தது. குரங்குகள் தங்கள் சான்றிதழ்களைத் தின்றுவிட்டிருந்தன. வேலம்மையின் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. தோணிராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்து, மரப்பட்டைப் படத்தில் நின்றான்.

"இது முள்ளம்பன்றி டிக்கெட்."

"ஆமா."

"நீங்க யாரு?"

"நான்தான் அது. வேலம்மை. நீங்கதானே எனக்கு உக்காரக் கல்லு போட்டீங்க."

"படத்துல முள்ளு இருக்கு. உங்களுக்கு எங்க?"

"உங்க மூக்குல போயிட்டு வந்திருக்கு" என்றாள் வேலம்மை.

தோணிராஜ் மூக்கைத் தடவிக்கொண்டான். முள் இல்லாத முள்ளம்பன்றி ஏறக்குறைய ஒரு பெரிய பெருச்சாளி மாதிரி இருக்கும். பெருச்சாளிகள் கப்பலில் ஏற அந்த வாரம் தடை இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அவன் பயண அதிகாரியைக் கூப்பிட்டான். வந்தவர் அமிர்தலிங்கம்.

வேலம்மைக்கு உயிர் வந்தது. "ஐயா, நீங்களே சொல்லுங்க. உங்க அலகாலதானே பிடுங்கினீங்க."

அமிர்தலிங்கம் ஒற்றைக் காலில் நின்றார். "அது சுகாதாரத் துறைம்மா. நேத்துலேர்ந்து பயணத் துறையைக் கூடுதலா பாக்கச் சொல்லியிருக்காங்க. அந்தத் துறைக்குத் தெரிஞ்சதை இந்தத் துறையில எழுத முடியாது."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"ரத்த உறவோ கட்டின உறவோ யாராவது வந்து, இவங்க இன்னார்தான்னு உறுதிமொழி கொடுத்தா போதும். பொய்ச்சாட்சின்னா முப்பது நாள் உள்ள. மத்தபடி சுலபம்."

மைனா பறந்து போய்ச் சொன்னது. அரை மணி நேரத்தில் குத்தாலம், மாமனார், மாமியார், முத்தையா நான்கு பேரும் சலசலவென்று வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கப்பலை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது முதல் தடவை. மேல்தளத்தில் வாழையிலை விரித்து, உரித்த கிழங்கை மலைபோல் குவித்து, ஆவி பறக்க வைத்திருந்தார்கள். நான்கு பேர் கண்ணும் அங்கே போய்த் தங்கியது.

"இது யாருன்னு பாருங்க" என்றார் அமிர்தலிங்கம்.

சிரமப்பட்டுக் கண்ணைத் திருப்பினார்கள்.

"எங்க வேலம்மை வந்தா கலகலன்னு சத்தம் கேக்கும்" என்றாள் மாமியார். "இவ என்னமோ பூனை மாதிரி நிக்கிறா."

"குரல் அவ குரல்தான்" என்றார் மாமனார். "ஆனா அவ இவ்வளவு பேச மாட்டா."

முத்தையா கொஞ்சம் நேர்மையானவன். "அண்ணி கண்ணு எப்படி இருக்கும்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். மற்ற மூவரின் கண்ணும் மறுபடி மேல்தளத்துக்குப் போனது. அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

வேலம்மை புருஷனைப் பார்த்தாள். அவன் இடது காதில் ஒரு வெட்டு இருந்தது. அது எந்த மழைக்காலத்தில், எந்த வேலி முள்ளில் கிழிந்தது, எத்தனை நாள் பச்சிலை வைத்து ஆறியது என்று அவளுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நூறு முள்ளம்பன்றிகளில் அவனை அவள் பிரித்து எடுப்பாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"கிழங்கு."

"யாரு உரிச்சா?"

"வீட்ல."

"அந்த வீடுதான் நான்."

குத்தாலம் தயங்கினான். அவன் கெட்டவன் இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பான். அந்த இரண்டு நிமிடத்தில் தோணிராஜ் மரப்பட்டையை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டான்.

"சார், அப்படியே நீங்கதான். அந்த முள்ளு, அந்த ரெண்டு புள்ளி."

"நானா?"

"டிக்கெட்டும் படமும் ஆளும் ஒத்துப்போகுது. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? அதோட, ஐம்பது சதவீதப் பயணிகளோட இயக்கணும்னு ஆணை. உங்களையும் சேத்து நான் இப்ப ரெண்டு சதவீதத்துல நிக்கிறேன். குடும்பத்தோட ஏறிட்டீங்கன்னா சட்டத்துக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

"அவங்க மூணு பேரும் டிக்கெட் வாங்கலையே?"

"முன்னணித் தியாகிகள் குடும்பம் சார். காடே பாராட்டிச்சு. உங்ககிட்டப் போய் டிக்கெட் கேப்பேனா?"

அமிர்தலிங்கம் உறுதிமொழித் தாளை நீட்டினார். "சீக்கிரம் சொல்லுங்க. இவங்க உங்க சம்சாரமா, இல்லையா?"

குத்தாலம் வேலம்மையைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். முப்பது நாள் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. மேல்தளத்திலிருந்து காற்று இந்தப் பக்கமாக வீசியது.

"உறுதியா சொல்ல முடியலைங்க" என்றான்.

கப்பல் கிளம்பியது. மாமியார் மேல்தளத்தில் சாய்ந்து உட்கார்ந்து கொண்டு, துறையில் நின்றவர்களைப் பார்த்துப் பொதுவாகக் கையசைத்தாள். வேலம்மை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, கப்பல் கொய்யாப்பழம் அளவுக்குச் சிறுத்துப்போகும் வரை நின்றாள். அழ வேண்டும் என்று தோன்றியது. முதுகில் வெயில் சுள்ளென்று அடித்ததால் அந்தக் கவனமும் சிதறியது. முள் இருந்தவரை அவளுக்கு வெயில் அப்படி உறைத்ததில்லை.

"பேரு?" என்று அமிர்தலிங்கம் பேரேட்டைத் திறந்தார்.

"வேலம்மை."

"வேலம்மை கப்பல்ல போயாச்சு. பயணிகள் பட்டியல்ல இருக்கு. உங்க பேரைச் சொல்லுங்க."

அவளிடம் வேறு பேர் இல்லை. அவர் 'தெரியவில்லை' என்று எழுதினார்.

"இனம்?"

அவரே அவளை மேலும் கீழும் பார்த்து 'விசாரணையில்' என்று எழுதினார். "ஊர் தெரியாத, பேர் தெரியாத, இனம் தெரியாத யாராவது நடமாடினா, தெரியிற வரைக்கும் தனிமையில வைக்கணும். ஆணை நாற்பத்து மூணு. வாங்கம்மா."

ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு மூங்கில் குடில் இருந்தது. தனிமை முகாம் என்று பெயர். வேலம்மை உள்ளே போனதும் விதிகளை வாசலில் நின்று அவர் படித்துக் காட்டினார். யாரும் அவளைச் சந்திக்கக் கூடாது. யாரும் அவளிடம் எந்த வேலையும் சொல்லக் கூடாது. அவளாகவும் எந்த வேலையும் செய்யக் கூடாது. உணவு மூன்று வேளை வாசலில் வைக்கப்படும். தோலில் கிருமி இருக்கலாம் என்பதால் கிழங்கை உரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

"கஷ்டமாத்தான் இருக்கும். பொறுத்துக்கணும்" என்றார் அவர்.

மத்தியானம் தட்டு வந்தது. வேலம்மை பழக்கத்தில் ஒரு கிழங்கை எடுத்து நகத்தை வைத்தாள். நகம் வழுக்கிக்கொண்டு போனது. உரிக்க ஒன்றும் இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அது தப்பில்லை என்று பட்டது. சாப்பிட்டாள். மெதுவாக, கடைசித் துண்டு வரை உட்கார்ந்தே சாப்பிட்டாள். பிறகு அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். எழுந்தபோது அடுத்த தட்டு வந்திருந்தது.

நான்காம் நாள் மாலை கப்பல் திரும்பி வந்தது. துறையை நெருங்கும்போது ஆள்காட்டி தலைக்கு மேலே வட்டமடித்தது. எதிர்க்கரையில் ஒரு மயில் தும்மிவிட்டதாம். மறு உத்தரவு வரும்வரை எந்தக் கப்பலும் எந்தக் கரையையும் தொடக் கூடாது. தோணிராஜும் மற்ற நீர்நாய்களும் ஆணையைக் கவனமாகக் கேட்டார்கள். அதில் கப்பலைப் பற்றித்தான் இருந்தது, நீந்துகிறவர்களைப் பற்றி எதுவும் இல்லை. ஒவ்வொருவராகத் தண்ணீரில் குதித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது தோணிராஜ், "பயணத்தை நீட்டிச்சிருக்கோம் சார், கூடுதல் கட்டணம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கப்பலில் நான்கு முள்ளம்பன்றிகளும், ஓர் அறை நிறைய உரிக்காத காட்டுக்கருணையும் இருந்தன.

ஏரித் தண்ணீரின் மேல் சத்தம் நன்றாகக் கேட்கும். கப்பல் அப்படி நின்ற முதல் இரண்டு நாள் 'யார் உரிப்பது' என்ற விவாதம் குடிலுக்குத் தெளிவாக வந்தது. மூன்றாம் நாள் அவர்கள் தோலோடு சாப்பிட்டிருக்க வேண்டும். நாக்கு அரித்து வீங்கியதில் வார்த்தைகள் குழறின. நான்காம் நாள் குத்தாலம் மேல்தளத்தின் விளிம்புக்கு வந்து, மேட்டைப் பார்த்துக் கத்தினான்.

"வேலம்மை... அந்த ரெண்டாவது தோலை எப்படிடி எடுக்கிறது?"

வேலம்மைக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கிழங்கு ஆறுவதற்குள் அது சரியாகிவிட்டது.

குடிலுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் அவள் முதுகில் அரிப்பு எடுத்தது. தடவிப் பார்த்தாள். புது முள் அரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் யார் பார்த்தாலும் முள்ளம்பன்றி என்று சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து கொக்கு வரும் நேரங்களில் அவள் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

அமிர்தலிங்கம் ஒரு படிவத்தோடு வந்தார்.

"கப்பல்ல இருக்கிறவங்களை இறக்க ஒரு வழி இருக்கும்மா. கரையில இருக்கிற யாராவது, இவங்களை என் பொறுப்புல ஏத்துக்கிறேன், சோறு போட்டுப் பாத்துக்கிறேன்னு கையெழுத்து போட்டா இறக்கி வளைக்கு அனுப்பலாம். அந்த ஆளு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். உங்களைத் தெரியும்னு இப்ப உறுதியா சொல்றான்."

வேலம்மை படுத்தபடியே படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ஐயா, இதுல பேரு எழுதணும்."

"ஆமா."

"உங்க பேரேட்டுல எனக்குப் பேரு என்ன?"

அவர் புரட்டிப் பார்த்தார். "தெரியவில்லை."

"தெரியாதவங்க போட்ட கையெழுத்து செல்லுமா?"

அமிர்தலிங்கம் ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் யோசித்தார். கோப்பைப் பார்த்தார். ஆணை நாற்பத்து மூன்றைப் பார்த்தார். "செல்லாது" என்றார் கடைசியில், கொஞ்சம் வருத்தத்தோடு.

"பாவம், நல்ல மனுஷங்க மாதிரி தெரியுது" என்று வேலம்மை படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ராத்திரிக்குக் கிழங்கைக் கொஞ்சம் குழைய வேக வைக்கச் சொல்லுங்க."

நீதி: ஓய்வு வேண்டும் என்று நினைக்கும் பெண் உல்லாசக் கப்பலில் தனக்கு இடம் பிடிக்கக் கூடாது, குடும்பத்துக்குப் பிடிக்க வேண்டும். மற்றதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.